பெட்டி போனால் பாயிண்ட் இருக்க வேண்டும்

அப்பா புல்லட் ஓட்டக் கற்றுத்தந்தபோது முதலில் காட்டியது அம்மீட்டரை. "முள்ளப் பாத்துக்கிட்டே கிக்கர மெல்லச் சவுட்டு. முள் நடுவுக்கு வந்து நிக்கும்லா, அங்க நிறுத்து. டீகம்ப்ரஷரப் பிடிச்சுக்கிட்டு ஒரு விரக்கடை கீழ எறக்கு. கைய விடு. கிக்கர் மேல வரட்டும். பொறவு ஒரே சவுட்டு." மிதிப்பதை எங்கள் பக்கத்தில் சவுட்டுவது என்போம். முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருந்தால் பாயிண்ட் மூடியிருக்கிறது, காயிலுக்குள் கரண்ட் ஓடுகிறது என்று பொருள். நடுவுக்கு வந்துவிட்டால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே ஏறி நிற்கிறது. எஞ்சினைத் திறக்காமலே அதன் உள்ளே நடப்பதை ஒரு முள் சொல்லிவிடும். அந்த முள்ளைப் படிக்கத் தெரிந்தவன் புல்லட்டிடம் அடி வாங்க மாட்டான்.

வண்டி 1978-இல் வாங்கியது, வார்ப்பிரும்பு எஞ்சின் 350. இன்றும் கொட்டாரத்தில் என் வீட்டுத் திண்ணையை ஒட்டித்தான் நிற்கிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது, பிறகு திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது அப்பாவுக்குப் பிடிக்கும். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கென்று 1950-களின் தொடக்கத்தில் 800 வண்டி கேட்டதிலிருந்து இந்தக் கதை ஆரம்பம். ஆளரவமற்ற மலைச் சாலையில் நின்றுபோனால் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு துண்டுத் தாளும் கொண்டு மறுபடி ஓடவைக்க முடிகிற வண்டி அது. நான் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிய அன்று அந்தக் குணத்தைத்தான் கழற்றி வைத்தேன். அது தெரிய எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

மாறியதற்கு நியாயமான காரணம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை, இன்றும் என் வண்டியில் எலெக்ட்ரானிக் இக்னிஷன்தான் ஓடுகிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி. 3,000 சுற்றில் ஓடினால் நிமிஷத்துக்கு 1,500 முறை, மணிக்கு 90,000 முறை அந்தச் சின்னப் பாயிண்ட் திறந்து மூடுகிறது. கேமில் உரசும் அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். டைமிங் பின்னுக்குப் போகும். வண்டி இழுக்காது, சூடாகும். இது எல்லா ஊரிலும் உள்ளது. எங்கள் ஊருக்கென்று தனியாக இன்னொன்று உண்டு. ஐந்தாறு கிலோமீட்டரில் கடல். இடவப்பாதி மழையும் கிடைக்கும், ஐப்பசி மழையும் கிடைக்கும். உப்புக்காற்றில் பித்தளை லக் எல்லாம் ஒரு வருஷத்தில் களிம்பு பிடித்துவிடும். பாயிண்ட் முகத்தில் மெல்லிய படலம் ஏறி, காலையில் கிக்கரைச் சவுட்டிச் சவுட்டி மூச்சு வாங்கும். மாதத்துக்கு ஒருமுறை ஃபீலர் கேஜும் கையுமாக உட்கார்ந்து அலுத்துப்போய் ஒரு கிட் வாங்கினேன். கேமின் மேல் தொப்பிபோல் உட்காரும் ஒரு காந்த வளையம், பாயிண்ட் இருந்த தட்டுக்குப் பதிலாகச் சென்சார் பதித்த தட்டு, டேங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மாட்டிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. ஐடிலிங் ஒரே தாளத்தில் நின்றது. ஒரே சவுட்டில் எழுந்தது.

பழைய பாயிண்ட் தட்டைத் துணியில் சுற்றி டூல்பாக்ஸில் போட்டு வைத்தேன். மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று நம்பினேன்.

ஓர் ஐப்பசி இரவு திருநெல்வேலியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். காவல்கிணறு தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே, 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை. சத்தம் இருந்தது, அடுத்த நொடி இல்லை. விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துச் சவுட்டிப் பார்த்தேன். பொறி இல்லை. டூல்பாக்ஸைத் திறந்து துணியைப் பிரித்தபோது என் மாற்று ஏற்பாடு எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். குதிகால் பாதி தேய்ந்திருந்தது. முகம் கறுத்திருந்தது. கண்டென்சரின் வயர் சுருட்டிய இடத்தில் அறுந்திருந்தது. ஃபீலர் கேஜ் வீட்டில் இருந்தது. டார்ச் இல்லை. மழைத்தூறலில் மொபைல் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு அரைமணி நேரம் போராடிவிட்டு விட்டுவிட்டேன். மயிலாடி சிற்பப் பட்டறைக்குக் கல் கொண்டுபோன லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, கல்லுக்குப் பக்கத்தில் வண்டியைச் சாய்த்துக் கட்டிக்கொள்ள இடம் தந்தார். மயிலாடியில் இறங்கி, 160 கிலோவுக்கு மேலுள்ள வண்டியைக் கொட்டாரம் வரை உருட்டினேன். வீடு சேரும்போது மணி இரண்டு.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் அண்ணாச்சி கேட்டுவிட்டுச் சொன்னது இது: "பாயிண்டு அப்பிடிப் போவாது மக்கா. நாலு நாளு இருமிட்டு, மூக்கச் சிந்திட்டுத்தான் சாவும். பெட்டி சொல்லாமப் போவும். சொல்லாமப் போறதுக்கு நாமதான் முன்னாலயே ஏற்பாடு செஞ்சு வைக்கணும்."

புதுப் பெட்டி வாங்க அவர் விடவில்லை. முதலில் மல்டிமீட்டரை எடுத்து, நண்பர் ஒருவரின் புல்லட்டிலிருந்து பெட்டியைக் கழற்றி என் வண்டியில் பொருத்தி எஞ்சினை எழுப்பி, பேட்டரி முனையில் அளந்தார். வேகம் கூட்டக் கூட்ட 16 வோல்ட்டைத் தாண்டியது. 12 வோல்ட் வண்டியில் 14, மிஞ்சிப்போனால் 14.5. அதற்கு மேல் போகக் கூடாது. உடனே அணைத்துவிட்டார். என் வண்டி 6 வோல்ட்டாகப் பிறந்தது. 12 வோல்ட்டுக்கு மாற்றியபோது ரெகுலேட்டரின் எர்த்தைப் பெயின்ட் அடித்த ஃபிரேமில் முடுக்கியிருந்தேன். அந்த லக்கின் அடியில் பச்சையாகக் களிம்பு. எர்த் சரியில்லாமல் ரெகுலேட்டர் அளவு தவறி, பெட்டிக்கு அதிக வோல்ட் போய், அது இறந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் புதுப் பெட்டி மாட்டியிருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும்.

அதனால் மாற்று ஏற்பாடு பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் எர்த்தைப் பற்றித்தான் பேசுவேன். ஃபிரேமை நம்பாதீர்கள். எஞ்சின், ரெகுலேட்டர், பெட்டி ஆகிய மூன்றிலிருந்தும் தனித்தனி வயர் இழுத்து பேட்டரியின் எர்த் முனைக்கே கொண்டுபோங்கள். லக்கை நசுக்கினால் மட்டும் போதாது, ஈயமும் வைத்துவிடுங்கள். எங்கள் ஊர்க் காற்றில் நசுக்கிய லக்குக்குள் உப்பு புகுந்துவிடும். மேலே கொஞ்சம் வாசலின். இன்னொன்று: பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த். கிட் வாங்குமுன் உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் எர்த் என்று பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் பெட்டி அந்த நொடியே முடிந்துபோகும்.

இனி மாற்று ஏற்பாடு.

சின்ன பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்கு இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. ஒன்று போனால் இன்னொன்று எஞ்சினை இழுத்துக்கொண்டு போகும். இதில் நான் எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம். அந்த இரண்டும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதில்லை என்பது ஒன்று. ஒவ்வொரு முறை பறக்குமுன்னும் விமானி ஒரு மேக்னெட்டோவை அணைத்துப் பார்க்கிறார், பிறகு மற்றதை அணைத்துப் பார்க்கிறார், சுற்று எவ்வளவு குறைகிறது என்று கவனிக்கிறார் என்பது மற்றொன்று. என் டூல்பாக்ஸில் துணி சுற்றிக் கிடந்த தட்டுக்கு இந்த இரண்டு தகுதியும் கிடையாது.

என் வண்டியில் கிட்டின் அமைப்பு எனக்குச் சாதகமாக இருந்தது. கேமும் ஆட்டோ அட்வான்ஸும் பழையபடியே உள்ளே இருக்கின்றன. காந்த வளையத்தை உருவிவிட்டுத் தட்டை மட்டும் மாற்றினால் பாயிண்டுக்குத் திரும்பிவிடலாம். எல்லாக் கிட்டும் இப்படி இல்லை. சிலவற்றில் அட்வான்ஸை எலெக்ட்ரானிக்ஸே பார்த்துக்கொள்ளும். பழைய கேமையும் அட்வான்ஸ் வெயிட்டுகளையும் மொத்தமாகக் கழற்றிவிட வேண்டும். அப்படிப்பட்ட கிட் என்றால் தட்டை மட்டும் கூடையில் போட்டுக்கொண்டு புறப்படுவதில் பயனில்லை. கேம், அட்வான்ஸ், அதைப் பிடிக்கும் போல்ட் எல்லாம் கூடவே இருக்க வேண்டும், கேம் உட்கார வேண்டிய கோணத்துக்கு அடையாளக் கோடும் போட்டிருக்க வேண்டும். கிட் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "பழைய பாயிண்டுக்குத் திரும்ப எத்தனை போல்ட் கழற்றணும்?"

காயிலில்தான் பலர் தவறுகிறார்கள். பாயிண்டுக்கான 12 வோல்ட் காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம் இருக்கும். ஓம் விதிப்படி 4 ஆம்பியர். பாயிண்ட் அதைத் தாங்கும். சில எலெக்ட்ரானிக் கிட்டுகளோடு வரும் காயில் அரை ஓம்தான். அதைப் பாயிண்டில் கொடுத்தால் கணக்குக்கு 24 ஆம்பியர். பாயிண்டும் வயரும் சேர்ந்து கருகும். சிடிஐ வகையில் வேலை செய்யும் முறையே வேறு: கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட்டைச் சேமித்து ஒரே தட்டலில் காயிலுக்குள் விடுவது, அதற்கான காயில் பாயிண்டுக்கு உதவவே உதவாது. ஆகவே இரண்டுக்கும் பொருந்தும் காயில் ஒன்றை முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு மீட்டரின் சொந்த வயர் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அதைக் கழித்து அளக்க வேண்டும். மூன்று ஓமை அளக்கும்போது மீட்டர் வயரின் அரை ஓம்கூடச் சின்ன விஷயம் அல்ல.

கண்டென்சரைப் பற்றி ஒரு வார்த்தை. நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்கு இதை வாய்க்காலை வைத்துச் சொன்னால் புரியும். ஓடுகிற தண்ணீரை மடையில் சட்டென்று அடைத்தால் தண்ணீர் எகிறும்; மெல்ல அடைத்தால் எகிறாது. காயிலில் ஓடும் கரண்டைப் பாயிண்ட் சட்டென்று அறுக்கும்போதுதான் மறுபக்கத்தில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எகிறி பிளக்கில் பொறியாகிறது. கண்டென்சர் இல்லாவிட்டால் கரண்ட் பாயிண்டின் இடைவெளியையே தாண்டி ஓடப் பார்க்கும், அடைப்பு மெதுவாகிவிடும், பொறி பாயிண்டில் பாய்ந்து வீணாகும். பாயிண்டில் நீலப்பொறி பளிச்சென்று தெரிந்தால் கண்டென்சர் போய்விட்டது என்பதும் இதனால்தான். அதன் அளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட் இருக்கும். எஞ்சின் சூட்டில் வெந்து சாவதுதான் இதன் வழக்கம். அதனால் நான் மாற்றுக் கண்டென்சரைத் தட்டில் வைக்கவில்லை. டேங்குக்கு அடியில் காயிலின் பக்கத்திலேயே நிரந்தரமாகப் பொருத்தி, நல்ல எர்த் கொடுத்து, வயரின் முனையைத் தொப்பி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அங்கே காற்று படும், சூடு குறைவு.

பெட்டியிலிருந்து பாயிண்டுக்கு மாற ஒரு சுவிட்ச் வைக்கலாமே என்று கேட்பார்கள். நான் வைக்கவில்லை, வைக்காதீர்கள் என்றும் சொல்வேன். சுவிட்ச் என்பது நாள்தோறும் ஓடும் பாதையின் நடுவே புதிதாக நுழைக்கும் ஒரு பலவீனம். மழையும் உப்பும் முதலில் அதைத்தான் பிடிக்கும். மாற்று ஏற்பாட்டுக்காக வைத்த பொருளே வண்டியை நிறுத்தினால் என்ன பயன்? காயிலின் எதிர்முனையிலிருந்து வரும் வயரில் தண்ணீர் புகாத ஒரு பிளக்-சாக்கெட் போட்டிருக்கிறேன். சாதாரணமாக அது பெட்டியின் வயரோடு சேர்ந்திருக்கும். பெட்டி போனால் இழுத்துக் கழற்றி, பக்கத்திலேயே மூடி வைத்திருக்கும் பாயிண்ட் வயரோடு சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு நிற டேப் சுற்றியிருக்கிறேன். பெட்டிக்கு வரும் பிளஸ் வயரையும் அப்போது கழற்றிவிடுவேன், செத்த பெட்டி உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் ஃபியூஸைத் தின்னும்.

பெட்டியைத் தவிர மற்றவை போனால்? சாவி சுவிட்ச் எங்கள் ஊரில் பெட்டியைவிடச் சீக்கிரம் சாகும். அதற்கு ஒரு முழ நீள வயர், நடுவில் 10 ஆம்பியர் ஃபியூஸ், இரண்டு முனையிலும் முதலைக் கிளிப். பேட்டரி பிளஸிலிருந்து நேரே காயிலுக்குக் கொடுத்துவிட்டால் சாவியும் தேவையில்லை, இடையில் உள்ள எந்த இணைப்பும் தேவையில்லை. இதைவிட மலிவான மாற்று ஏற்பாடு கிடையாது. அப்படி ஓட்டும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். புல்லட்டில் டீகம்ப்ரஷரை இழுத்துப் பிடித்தால் நின்றுவிடும். நின்றதும் கிளிப்பைக் கழற்ற மறந்தால் பாயிண்ட் மூடிய நிலையில் காயில் வெந்துபோகும்.

பேட்டரியே இறங்கிவிட்டால் என் ஏற்பாடு முழுக்கக் கைகொடுக்காது. ஆனால் பாதி கொடுக்கும். எலெக்ட்ரானிக் பெட்டிகள் பலவும் வோல்ட் 10-ஐ ஒட்டி இறங்கினாலே தடுமாற ஆரம்பிக்கும். சில பெட்டிகள் தவறான நேரத்தில் பொறி விட்டு கிக்கரைத் திருப்பி அடிக்கும். பாயிண்டுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. விளக்கு மங்கலாக எரிகிற பேட்டரியிலும் பலவீனமாகவாவது ஒரு பொறி கொடுத்து எஞ்சினை எழுப்பிவிடும். 1950-களின் தொடக்கத்தில் வந்த ரெட்டிச் புல்லட்டுகளில் லூக்காஸ் மேக்டைனோ. அதற்குப் பேட்டரியே வேண்டாம். அப்படியொரு வண்டி வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் மாட்ட நினைத்தால் இன்னொரு முறை யோசியுங்கள்.

தட்டுக்கு வருகிறேன். புதுப் பாயிண்ட் ஒன்றைப் பழைய தட்டில் பொருத்தி, வீட்டில் வைத்தே 0.35-க்கும் 0.40 மி.மீ.-க்கும் நடுவே இடைவெளி வைத்தேன். டைமிங் என் கையேட்டில், அட்வான்ஸ் வெயிட் மூடிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால். பாயிண்ட் திறக்கிற அந்தக் கணத்தைப் பிடிக்க ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு போதும்: ஒரு முனை பாயிண்ட் வயரில், மறுமுனை எர்த்தில். பாயிண்ட் மூடியிருக்கும்வரை எரியாது, திறந்ததும் எரியும். பல்பு இல்லாவிட்டால் அப்பா காட்டித்தந்த அம்மீட்டர் முள். என் எலெக்ட்ரானிக் பெட்டி எஞ்சின் நின்றால் ஒன்றிரண்டு நொடியில் காயில் கரண்டைத் தானே நிறுத்திவிடும் வகை, அதனால் இரண்டு ஆண்டாக அந்த முள் எனக்கு எதுவும் சொல்லாமல் இருந்தது. தட்டை மாற்றிய அன்று அது மறுபடி ஆடியதைப் பார்த்தபோது மனசுக்கு இதமாக இருந்தது.

டைமிங் சரியாக நின்றதும் தட்டின் விளிம்பிலிருந்து கூட்டின் விளிம்பு வரை கூர் ஊசியால் ஒரே கோடு கீறி, அதில் சிவப்பு நெயில் பாலிஷ் ஊற்றினேன். சென்சார் தட்டுக்கு வேறொரு கோடு, வேறு நிறம். இனி இருட்டில், மழையில், எந்த அளவும் எடுக்க வேண்டாம். கோட்டோடு கோடு சேர்த்து இரண்டு திருகை முடுக்கினால் போதும். இந்தக் கோடு இல்லாத தட்டு வெறும் இரும்புத்துண்டு. சந்தேகம் இருந்தால் டைமிங்கைக் கொஞ்சம் பின்தங்கியே வையுங்கள். பின்தங்கினால் வண்டி மந்தமாக ஓடி வீடு சேரும். முந்தினால் கிக்கர் திருப்பி அடிக்கும். புல்லட் கிக்கர் கணுக்காலில் அடித்த அடி எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிளக் இடைவெளியையும் மறந்துவிடக் கூடாது. எலெக்ட்ரானிக் பொறிக்குப் பலம் அதிகம் என்று 0.8 மி.மீ. வரை விரிப்பவர்கள் உண்டு. அதே பிளக்கைப் பாயிண்ட் பொறி தாண்டத் திணறும். நான் 0.6-இல் வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் ஒத்துப்போகிறது.

சும்மா வைத்திருக்கும் பாயிண்டும் கெட்டுப்போகும், அதுவும் கடலோரத்தில். கழற்றிய தட்டைத் துணியில் சுற்றாதீர்கள். துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இறுக்கி மூடும் மாத்திரை டப்பா ஒன்றில், அந்த டப்பாவோடு வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். குதிகாலில் துளி கிரீஸ். கூடவே ஒரு துண்டு வெள்ளைத்தாள்: மாட்டியதும் பாயிண்டுக்கு நடுவே அதை வைத்து இரண்டு தடவை இழுத்தால் படலம் போய்விடும். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் முகத்தில் பதிந்துவிடும். டப்பாவில் மேலும் இருப்பவை: தட்டின் திருகுக்குச் சரியாகப் பொருந்தும் குட்டை ஸ்க்ரூ டிரைவர், 0.38 மி.மீ. ஃபீலர் தகடு ஒன்று, கூடுதலாக இரண்டு திருகு (இருட்டில் ஒன்றாவது கீழே விழும்), தலையில் மாட்டும் டார்ச். தலை டார்ச்சை நான் வற்புறுத்துவேன். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும்.

இவ்வளவும் செய்து டப்பாவை மூடி வைத்துவிட்டால் மறுபடி பழைய கதைதான். விமானி செய்வதை நாமும் செய்ய வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நான் தட்டை மாற்றிப் பாயிண்டில் வட்டக்கோட்டை வரை ஓட்டிவிட்டு வருகிறேன். முதல் தடவை, பட்டப்பகலில், திண்ணையில் உட்கார்ந்து மாற்றவே ஐம்பது நிமிஷம் ஆயிற்று. எந்தத் திருகு எட்டவில்லை, எந்த வயர் ஒரு விரல் குட்டை, எந்த ஸ்க்ரூ டிரைவர் டேங்கில் இடிக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. பாயிண்ட் வயரை அரை அடி நீட்டினேன். ஸ்க்ரூ டிரைவரின் பிடியை அறுத்துக் குட்டையாக்கினேன். நாலைந்து மாதத்தில் பதினைந்து நிமிஷத்துக்கு வந்துவிட்டேன். ஒருமுறை வேண்டுமென்றே இரவில், விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பார்த்தேன். பயிற்சி வேண்டியது அதற்குத்தான்.

அகஸ்தீஸ்வரத்தில் ஒரு நண்பர், அவரிடமும் பழைய புல்லட். அவருக்கு நான் வேறு வழி சொன்னேன். பாயிண்டைக் கழற்றவே வேண்டாம்; டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றை நடுவில் போட்டால் காயிலின் 4 ஆம்பியரை அது சுமக்கும், பாயிண்ட் வெறும் சமிக்ஞை கொடுக்கும். பாயிண்டின் முகம் கருகாது. பெட்டி போனால் ஒரே ஒரு வயரைக் காயிலுக்கு மாற்றிக் குத்தினால் அடுத்த நிமிஷமே வண்டி ஓடும், தட்டைத் தொடவே வேண்டாம். மாற்று ஏற்பாடு என்ற வகையில் இதுதான் என்னுடையதைவிட மேல் என்பது என் தீர்ப்பு. ஆனால் குதிகால் தேய்வது நிற்காது, கேமுக்குக் கிரீஸும் இடைவெளிச் சரிபார்ப்பும் வேண்டும். கரண்ட் குறைவாக ஓடுவதால் முகத்தில் படியும் எண்ணெய்ப் படலம் தானாக எரிந்து போகாது. அதனால் மாதம் ஒருமுறை பெட்டியை ஒதுக்கிவிட்டு நேரடியாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். முகமும் சுத்தமாகும், மாற்று வழி வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வண்டியை நாள்தோறும் ஓட்டுபவர், மாதம் ஒருமுறை கை அழுக்காவதைப் பொருட்படுத்தாதவர் என்றால் இதையே செய்யுங்கள். எப்போதாவது எடுப்பவர், நீண்ட தூரம் போகிறவர் என்றால் என் வழி.

சென்ற ஆண்டு பங்குனியில் ஆரல்வாய்மொழி தாண்டி மறுபடி நின்றது. இந்தத் தடவை போனது சென்சார். அதன் வயர் எஞ்சின் அதிர்வில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. இருட்டுகிற நேரம். தலை டார்ச்சை மாட்டி, மூடியைக் கழற்றி, வளையத்தை உருவி, சிவப்புக் கோட்டோடு கோடு சேர்த்து, பிளக்கை மாற்றிக் குத்தி, வெள்ளைத்தாளை ஒரு இழுப்பு இழுத்து, சாவியைப் போட்டேன். அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. மெல்லச் சவுட்டினேன், நடுவுக்கு வந்தது. இரண்டாவது சவுட்டில் எஞ்சின் எழுந்தது. பத்தொன்பது நிமிஷம்.

பழைய வண்டிக்கு எலெக்ட்ரானிக் மாட்டப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டறையில் கழற்றிய பாயிண்ட் தட்டையும் கேமையும் அட்வான்ஸையும் கையோடு கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். அவை பழைய இரும்புக் கூடைக்குப் போக விடாதீர்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் பாயிண்டுகள் பலவற்றில் குதிகால் மெத்தென்று இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடுகிறது. வண்டியோடு வந்த பழைய தட்டு உங்களிடம் இருந்தால், அது இன்று கடையில் கிடைப்பதைவிட நல்ல பொருள்.